கோளறு பதிகமும் நாவரசர் அச்சமும்

திருஞானசம்பந்த சுவாமிகள் திருமறைக்காட்டில் அருளிச்செய்த கோளறு திருப்பதிகம் சைவர் இல்லங்களிற் பெருக ஓதப்படுவதொன்று. இரண்டாந் திருமுறையில் 85-ஆம் பதிகமாய், பியந்தைக்காந்தாரப் பண்ணில், 11 திருப்பாட்டுக்களோடு அமைந்த இதனைத் தேவாரத்தில் வேறொன்றும் அறியாதாரும் அறிவர். நெல்லைச் சீமையின் தென்கீழ்க் கரையில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த திசையன்விளை முதலிய ஊர்களிலும், சனிப்பெயர்ச்சி குருப்பெயர்ச்சி என்னுங் காலங்களில் இப்பதிகத்தின் ஓசை கேளாத கோயில் அரிது. சாதகக் குறிப்போடு இதனையும் மடித்து வைத்துக்கொள்வாரும் உளர். எனினும், அது யாரை நோக்கி, எம்மொழிக்கு மறுமொழியாக எழுந்தது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே. அது பிறந்த இடத்தில் ஓரச்சம் இருந்தது. அவ்வச்சம் எளியார் ஒருவருடையதன்று. அஞ்சாமைக்கே இலக்கியமாய் நின்ற திருநாவுக்கரசு சுவாமிகளுடையது. அவ்வச்சத்தின் இயல்பு யாது, அதனைச் சேக்கிழார் எங்ஙனம் கையாண்டார், அதற்கு ஆளுடைய பிள்ளையார் இறுத்த விடை எத்தன்மைத்து என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

வரலாறு யாவரும் அறிந்ததே. கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய அப்பெருமக்கள் இருவரும் திருமறைக்காட்டில் உடனுறைகின்றனர். மறைகள் வழிபட்டு அடைத்த கதவம் அரசர் பதிகம் பாடத் திறந்தது. பிள்ளையார் பாட அடைத்தது. அந்நாளிற் பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த ஏவலர் வந்து, பாண்டிநாட்டிற் சைவம் குன்றிய நிலைமையை விண்ணப்பிக்கின்றனர். பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளத் திருவுளங்கொள்கின்றார். அப்பொழுது நாவரசர் தடுக்கின்றார். பிள்ளாய் என விளித்து, அமணர் செய்யும் வஞ்சனைக்கு ஓர் எல்லையில்லை என்றும், கோள்களின் நிலையும் தீயது என்றும், ஆதலாற் செல்ல உடன்படுதல் தகாது என்றும் உரைக்கின்றார். நம்பெருமான் திருவடிகளைப் பரவுவார்க்குப் பழுது வந்தணையாது என்று மறுமொழி கூறிப் பிள்ளையார் இப்பதிகத்தைப் பாடுகின்றார். அரசரும் உடன்படுகின்றார்.

இங்கே கற்பார்க்கு ஓர் ஐயம் நிகழாமற் போகாது. எவர்க்கும் தாம் அடிமையல்லர், கூற்றுவனுக்கும் அஞ்சார் என்று பல்லவன் ஏவலரை மறுத்துத் திருத்தாண்டகம் பாடியவர் இவர். நீற்றறையில் 7 நாள் இருந்தவர். நஞ்சு கலந்த பாற்சோற்றை அறிந்தே உண்டவர். மதயானை எதிர்வர, அஞ்சத்தக்கது ஒன்றும் இல்லை, இனி அஞ்ச வருவதும் இல்லை என்னுங் கருத்தினைப் பாட்டுத்தோறும் முடிபாக வைத்துப் பாடி நின்றவர். கல்லோடு பிணித்துக் கடலிற் பாய்ச்சப்பட்டபோதும் ஐந்தெழுத்தை ஓதித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையேறியவர். இத்தகையார் ஒரு பயணத்திற்குக் கோள் பார்த்தார் என்றால் அது முன்னொடு பின் முரணாதோ?

இவ்வையத்திற்கு விடை கூறுவார் இருதிறத்தினர். ஒருசாரார், நாவரசர் மெய்யாக அஞ்சினாரல்லர், பிள்ளையார் திருவாயினின்று இப்பதிகம் வெளிப்பட்டு உலகம் உய்தற்பொருட்டு அஞ்சுவார்போற் கூறினார் என்பர். இது பத்தி மேலீட்டால் எழுந்த விடை. ஆயினும் சேக்கிழார் வாக்குக்குப் பொருந்தாது. பாசாங்கு என்பதற்குரிய ஒரு குறிப்பும் அவ்விடத்து இல்லை. பெரியோர் ஒருவரைக் குறையினின்று காத்தற்கு அவரை நடிப்பவராக்குதல் காப்பாகாது. மற்றொரு சாரார், நாவரசர் முதிர்ந்த காலத்தும் சோதிட நம்பிக்கையை விட்டாரில்லை, இளைய பிள்ளையார் அதனை மறுத்து அவரைத் திருத்தினார் என்பர். இது இக்காலத்துச் சீர்திருத்த நோக்கினர் விரும்பும் விடை. இதற்கும் நூலில் இடமில்லை. திருத்தப்பட்டவர் நாணினார் என்றேனும், தம் பிழையை உணர்ந்தார் என்றேனும் சேக்கிழார் சொல்லவில்லை.

உண்மை இவ்விரண்டற்கும் புறத்தே உள்ளது. அதனை அறிதற்குப் பெரிய நூல் வேண்டா. திசையன்விளையைச் சூழ்ந்த பனங்காட்டு வாழ்க்கையே போதும். தளைநார் காலிற் பூண்டு, முருக்குத்தடி சாத்தி, அருவாள்பெட்டி இடையிற் கட்டி நெடும்பனை ஏறுவான் உச்சியில் நின்று பாளை சீவுகின்றான். காற்று வீசுங்கால் மரம் ஆடுகின்றது. அவன் அஞ்சுவதில்லை, அஞ்சினால் அத்தொழில் அவனுக்கில்லை. நடுங்குகின்ற நெஞ்சம் அடியில் நிற்கின்றது. பதனீர்க்கலயம் வாங்க வந்த தாயின் நெஞ்சம் அது. இளமையில் அவளுடைய தந்தையும் பனையேறியே. பனையைக் குறித்து அவள் அறியாதது ஒன்றுமில்லை. அறிந்தமையாலேயே நடுக்கம். இனி, அவ்வேறுவானே தன் மகன் முதன்முதல் மரமேறும் நாளில் அடியில் நிற்க நேர்ந்தால், அவனும் நடுங்குவான். நாற்பது ஆண்டு ஏறியிறங்கிய அஞ்சாமை அங்கு உதவாது. அஞ்சாமை அவன் உடம்பிற்கு உரியது. மகன் உடம்பிற்கு அவன் அன்பு ஒன்றே உரியது.

நாவரசர் அச்சம் இவ்வகையினது. தருமசேனர் என்னும் பெயரோடு அமண் சமயத்திற் பல்லாண்டு தலைமை தாங்கியிருந்தவர் அவர். பல்லவன் அவையில் தமக்கு நிகழ்ந்தவற்றைத் தம் உடம்பிற் பட்டறிந்தவர். சேக்கிழார் காட்டும் அவ்வரலாற்றின்படி, மதுரையில் நிகழக்கூடுவது யாது என்பதை அவ்விடத்து இருந்தாருள் அவரையன்றி ஒருவரும் அறியார். பிள்ளையாரோ பாலறாவாயர். தமக்கென்று அஞ்சாதவர் பிள்ளைக்கென்று அஞ்சினார் என்பதில் முரண் எங்குள்ளது? திருவள்ளுவரும் அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமையைப் பேதைமை என்று அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார்.

சேக்கிழார் அம்மொழிகளை அமைத்த முறையும் கருதற்பாலது. வஞ்சனை முதலில் வருகிறது. கோள் பின்னரே வருகிறது. இம்முறை மாறியிருப்பின் நாவரசர் சோதிடங் கருதியவர் என்று கொள்ள ஓரளவு இடமுண்டு. உள்ளத்தை வருத்தியது வஞ்சனை. அது கூறியும் பிள்ளையார் மனம் திரும்பாமை கண்டு, நாளும் நன்றாக இல்லையே என்று துணைக்காரணம் ஒன்று கூட்டப்படுகிறது. வெளியூர் புறப்பட்ட மகனைத் தடுக்கும் முதியோர் எவ்வீட்டினும் செய்வது இதுவேயன்றோ? வழியைப்பற்றி அஞ்சுவர், வாயாற் கிழமையைக் குறை கூறுவர். 12-ஆம் நூற்றாண்டில் அநபாயன் அவையில் அமைச்சராயிருந்து மக்கள் உள்ளங்களைக் கண்டு பழகிய புலவர் சேக்கிழார்; இவ்வியல்பு அவருக்குத் தெரியாததன்று. அதனை அவர் மறைக்கவுமில்லை, விரித்துப் பாராட்டவுமில்லை. ஒரு செய்யுளில் வைத்துச் சென்றார். பெரியபுராணத்தின் பெருமை பெரும்பாலும் இத்தகைய இடங்களிலேயே கிடக்கிறது. மிகுதியாகப் பாராட்டப்படும் வருணனைகளில் அத்துணை இல்லை.

இனிப் பதிகத்தை நோக்குவோமாக. அதன் முதற்பாட்டிலேயே நஞ்சுண்ட கண்டமும் வீணை தடவும் கையும் ஒருங்கே காட்டப்படுகின்றன. தேவரெல்லாம் அஞ்சி ஓடிய நஞ்சு மிடற்றில் நிற்க, அதனைத் தாங்கியவன் அமர்ந்து வீணை வாசிக்கின்றான். அச்சமின்மைக்கு இதனினும் சிறந்த ஓவியம் தேவாரத்துள் அரிது. அன்றியும், அப்பாட்டிற் திங்கள் என்பது இருமுறை வருகிறது. முதலில் அது இறைவன் சடைமுடியில் மாசின்றி விளங்கும் அணி. பின்னர் ஞாயிறு தொடங்கி எண்ணப்படும் கோள்களுள் இரண்டாவது. முடியிலிருப்பதும் வரிசையில் நிற்பதும் ஒரே திங்கள். தக்கன் சாபத்தாற் தேய்ந்து வந்து அடைக்கலம் புகுந்த திங்கள் அது. கோள்களுள் ஒன்று முன்னமே அஞ்சி அத்திருவடியைச் சார்ந்திருக்க, எஞ்சியவற்றிற்கு அஞ்சுவது எற்றுக்கு என்பது சொல்லாமற் சொல்லியவாறு. உரையாசிரியர் பலர் சொற்பொருள் கூறும் அவசரத்தில் இதனைக் கடந்து சென்றுவிட்டனர்.

இன்னும் ஒன்றுண்டு. இப்பதிகம் உலகோர்க்குப் பொதுவாயினும் முதற்கண் ஒருவர் செவிக்கென்றே பாடப்பட்டது. அவ்வொருவர் பட்டவை நான்கு: நீற்றறையின் தீ, நஞ்சு, யானை, கடல். பதிகத்துள் நஞ்சு முதற்பாட்டில் உள்ளது. தீ நான்காம் பாட்டிற் காலனோடும் நமன் தூதரோடும் சேர்த்து எண்ணப்படுகிறது. கொல்லும் யானை ஆறாம் பாட்டிற் புலி, பன்றி, நாகம், கரடி முதலியவற்றோடு வருகிறது. ஆழ்கடல் எட்டாம் பாட்டில் உள்ளது. வீணையோ, நீற்றறையுள் இருந்து நாவரசர் பாடிய பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒலிப்பது. இடர்களை எண்ணுங்கால் இப்பொருள்கள் எப்புலவர்க்கும் இயல்பாக வருவனவே என்று ஒருவர் கூறலாம். அதனை முற்றிலும் மறுத்தற்கில்லை. ஆயினும் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்பதை நினைவில் நிறுத்தி மீளவும் ஓதிப் பார்க்க. ஒவ்வொரு பாட்டும், அப்பரே, இவை யாவும் தேவரீரை அணுகின அல்லவோ, அணுகி என்ன செய்தன என்று வினவுவதுபோல அமைகிறது. நடுங்குவாரை மறுத்து வாதிடாமல், அவர் தாமே பட்டறிந்ததை அவர்க்கு மீட்டு நினைப்பூட்டுதலே பிள்ளையார் செய்தது.

இவ்வாற்றான் இப்பதிகம் கோளைப்பற்றிய வாதம் அன்று என்பது தெளிவாம். கோள்கள் இல்லை என்று பிள்ளையார் சொன்னாரில்லை. அவற்றிற்கு வலியில்லை என்றும் சொன்னாரில்லை. இறைவன் தம் உள்ளத்தே வந்து புகுந்தமையை ஏதுவாக வைத்து, ஆதலின் அவை நல்லவை, அடியார்க்கு மிக நல்லவை என்றார். ஏது ஒழியாமற் பாட்டுத்தோறும் வருகிறது. ஓதுவார் பலர் பயனைப் பற்றிக்கொண்டு ஏதுவைக் கைவிடுகின்றனர். புகுந்தவன் புகாதிருக்கும் உள்ளத்திற் கோள்கள் எங்ஙனம் இருக்கும் என்பதுபற்றிப் பதிகம் ஒன்றும் கூறவில்லை.

எனினும் ஈண்டு நடுவுநிலை வேண்டும். இப்பதிகத்தைக் கோள்வருத்தம் நீங்க ஓதுதல் அடாது என்று கண்டிப்பாரும் உளர். அவர் கூற்று மிகையாகும். பதினோராம் பாட்டிற் பிள்ளையாரே, கோளும் நாளும் அடியாரை வந்து நலியாதபடி உரைத்த மாலை இஃது என்றும், இதனை ஓதும் அடியார் வானுலகை ஆள்வர், இது தம் ஆணை என்றும் அருளினார். ஆதலின் அக்கருத்தோடு ஓதுவார் நூல்வழி பிழைத்தாரல்லர். சனிக்கிழமை எள்விளக்கேற்றி நிற்கும் மூதாட்டி வாயில் இப்பதிகம் வருவதும் சிவபுண்ணியமே. பிழை பிறிதோரிடத்தில் உள்ளது. சனிக்கு அஞ்சிச் சிவனைத் தொழுதல் ஒன்று. சிவனைத் தொழுது சனிக்கு அஞ்சாமை மற்றொன்று. முன்னதில் அச்சமே முதல்வன், சிவபெருமான் அவ்வச்சத்திற்கு ஏவலன். பெயர்ச்சி கழிந்தவுடன் பதிகமும் பெட்டியுட் புகுகிறது. இரண்டரை ஆண்டிற்கு ஒருமுறை இறைவனைத் தேடுவாரை அடியார் என்பது பதிகத்தின் சொல்லுக்குப் பொருந்துமோ என்பதை ஓதுவாரே உசாவிக்கொள்க.

திருநள்ளாற்றைப்பற்றியும் இங்கொரு சொல். சனிக்குரிய தலம் என்றே இக்காலத்திற் பெரிதும் அறியப்படுவது அது. மதுரை அனல்வாதத்தில் இட்டபோது வேகாது பச்சையாய் விளங்கியது அத்தலத்துப் பதிகமே. அதுபற்றிப் பச்சைப்பதிகம் எனப் பெயரும் பெற்றது. அப்பதிகத்துட் சனி என்னும் பேச்சே இல்லை. தீயில் வேகாத அவ்வேட்டை விட்டு அத்தலத்திற்குச் சென்று சனிக்கு மட்டும் அஞ்சித் திரும்புதல், பொற்குடத்தை வைத்துவிட்டு மேலிட்ட உமியை அள்ளிவருதல் போலும்.

அடியார்க்கு நல்ல என்பதன் பொருள் யாது? தீங்கு செய்யா என்பது ஒரு பொருள். அவ்வளவே பொருளாயின், அடியவர் எவரும் நோயுறார், கடலில் மாளார் என்பது பெறப்படும். அது காட்சிக்கு மாறு. 26-12-2004 அன்று கடல் பொங்கி இக்கரையையும் தாக்கியது. திசையன்விளைக்கு அணித்தாகிய உவரியிற் சுயம்புலிங்கப் பெருமான் கோயில் அலை எட்டும் அணிமையில் நிற்பது. நேர்ந்துகொண்டோர் கடல் மணலைப் பெட்டியிற் சுமந்து வந்து அங்குக் குவிப்பது தொன்றுதொட்ட வழக்கு. அன்று அலைகண்டு கரையினின்று மேட்டிற்கு ஓடினார் பெருமானிடத்து நம்பிக்கை இழந்தவர் என்று எவரேனும் கூறின், அவர் பதிகத்தையும் அறியார், கடலையும் அறியார். கால் ஓடுதற்கும் நெஞ்சம் குலைதற்கும் வேறுபாடு உண்டு. ஓடியவர் பின்னும் அக்கடலுக்கே வலை கொண்டு சென்றனர். அதே மணலைச் சுமந்து அதே கோயிலிற் குவித்தனர்.

ஆகவே நல்ல என்பதற்குப் பிறிதொரு பொருள் வேண்டற்பாலது. அதனைக் காட்டுதற்கு நாவரசர் வரலாறே சான்று. அவர்க்கு வந்த சூலைநோய் தீயதோ நல்லதோ? குடரைத் துடக்கி முடக்கிய அந்நோய் வாராதிருப்பின் தருமசேனர் தருமசேனராகவே முடிந்திருப்பார். அதனாலேயே தமக்கையார் திலகவதியாரை அடைந்தார். திருவதிகை வீரட்டானத்தில் ஆட்கொள்ளப்பட்டார். நோய் நோயாகவே வந்தது, அருளாக முடிந்தது. அடியார்க்கு நல்ல என்பது இதுவாம். பதிகத்தின் ஏழாம் பாட்டில் வெப்பும் குளிரும் வாதமும் பித்தும் எண்ணப்படுகின்றன. மதுரையிற் பிள்ளையார் முதலிற் கண்ட நோயும் வெப்பே. நெல்வேலிப் போரை வென்றவரென்று திருத்தொண்டத்தொகையிற் போற்றப்படும் நெடுமாறர், போர்க்களத்தில் அஞ்சாத அம்மன்னர், ஒரு வெப்பு நோய்க்கு ஆற்றாது கிடந்தார். அவ்வெப்பே அவரைத் திருநீற்றிற்குக் கொண்டுவந்தது. அந்நெல்வேலி இத்திருநெல்வேலியோ வேறோ என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. அஃது இங்கு வேண்டா.

சித்தாந்த நூல்வழி நோக்கினும் இதுவே பொருந்தும். வினை சடமாகலின் தானே சென்று பயன் ஊட்டாது. உயிர் தன் வினையைத் தானே தேர்ந்து நுகரவும் அறியாது. ஆதலின் வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் முதல்வனே என்பது சிவஞானபோதம் 2-ஆம் சூத்திரத்திற் சாதிக்கப்படுவது. வினைக்கே அந்நிலையாயின், அவ்வினைப்பயனுக்குக் குறியாய் நிற்கும் கோளுக்கு எது வலி? முடங்கல் கொணர்ந்தவனைக் கண்டு நடுங்குவார், அதனை எழுதினவன் தந்தை என்பதை அறியாதாரே. 10-ஆம் சூத்திரம், இறைபணியின் வழுவாது நிற்பார்க்கு மலமும் மாயையும் வினையும் வலியிழக்கும் என்பதை உணர்த்துகிறது. அப்பொழுதும் உடம்பு உள்ளளவும் எடுத்த வினை வரும். வந்து உடம்பளவாய்க் கழியும், உயிரைப் பற்றாது என்பர் ஆசிரியர். பொருநைக் கரையில் விக்கிரமசிங்கபுரத்திற் தோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கிய மாதவச் சிவஞான முனிவர் பேருரை வகுத்தது அந்நூலுக்கேயாம். நெல்லைச் சீமையார் இதனை அயல் நாட்டுச் சரக்காகக் கருதி விலகுதற்கில்லை.

கோளறு பதிகத்தோடு நின்றுவிடுவார் இழப்பது ஒன்றுண்டு. அஞ்சாமை ஒருகாற் பாடி முடிந்துவிடும் பொருளன்று என்பதை மதுரை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. திருமறைக்காட்டில் ஒன்றும் நலியாது என்று பாடியவர், மதுரையிற் தம் திருமடத்தில் தீயிடப்பட்டபோது, ஆலவாய்ப் பெருமானை நோக்கித் தமக்கு அஞ்சல் என்று அருளுமாறு வேண்டுகின்றார். அஞ்சாதவர் எதற்கு அபயம் வேண்டவேண்டும்? இதனைக் குறையாகக் கருதுவாரும் இருப்பர். நம்பிக்கை என்பது முன்பு வாங்கி வைத்த பொருளாயின் அது குறையே. பிள்ளையாருக்கோ அது நொடிதோறும் கேட்டுப் பெறுவது, தாய்ப்பால் போல்வது. நேற்று உண்டதுபற்றி இன்று அழாத குழவியை எவரும் பாராட்டார். தீயை அவர் பாண்டியனிடத்துச் செலுத்துங்காலும் மெல்லச் செல்லுக என்றே செலுத்தினார். தேவியாரின் மங்கல நாணையும் அமைச்சரின் அன்பையும் எண்ணி அங்ஙனம் செய்தார் என்பர் சேக்கிழார். அச்சத்தாற் செய்வார்க்கு மெல்ல என்னுஞ் சொல் வாயில் வாராது.

அன்றியும், வாது தொடங்குமுன் அவர் திருவாலவாய்க் கோயிலுட் சென்று பெருமான் திருவுள்ளம் யாது என்று பாடிக் கேட்டார். கோளுக்கு அஞ்சார்; கேளாமற் செல்லவும் செல்லார்.

மங்கையர்க்கரசியாரின் அச்சமும் நாவரசர் அச்சத்தோடு ஒப்பவைத்து எண்ணற்பாலது. அழைத்தவர் அவரே. அழைக்கப்பட்டவர் வந்து அரசன் அருகில் இருக்க, அமணர் திரண்டு வெகுள, அத்தேவியார் நடுங்கினார். பிள்ளையார் அவரை விளித்து, பால்மணம் மாறாத சிறுவன் என்று தம்மைக்குறித்து இரங்கவேண்டா என்றும், ஆலவாயில் அரன் நிற்கத் தாம் அவர்க்கு எளியரல்லர் என்றும் ஒரு பதிகம் பாடினார். இங்கும் ஏது தம் வலியன்று. திருமறைக்காட்டில் முதியவர் ஒருவர், மதுரையிற் பெண்மணி ஒருவர். இருவரும் தம்பொருட்டு அஞ்சினாரல்லர். இருவர்க்கும் பிள்ளையார் பாடினார், எவரையும் கடிந்தாரில்லை. அன்பினாற் பிறக்கும் அச்சத்தைப் பாட்டினாலன்றிக் கண்டனத்தால் மாற்றலாகாது என்பதை அறிந்த நெறி அது. வீட்டில் நோயுற்ற மகவுக்கு அஞ்சி அழும் தாயை நோக்கி, நீ சைவத்தியன்றோ, அஞ்சலாமோ என்று உறுக்கும் ஞானிகள் இவ்விரு பதிகங்களையும் ஒருகாற் பயில்வாராக.

மாணிக்கவாசக சுவாமிகளும் அச்சத்தை முற்றும் துடைத்தாரல்லர். தில்லையில் அருளிய அச்சப்பத்தில் பாம்புக்கும் பிறவற்றிற்கும் அஞ்சாமையை அடுக்கிச் சொல்லி, இறைவன்பால் அன்பில்லாரைக் காணின் அஞ்சும் ஓரச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதன் விரிவு தனித்து ஆராயற்பாலது.

பதிகம் கேட்டபின் நாவரசர் செய்தது யாது? அச்சம் நீங்கியது என்று சேக்கிழார் சொல்லவில்லை. பிள்ளையார் செல்ல உடன்பட்டார் என்கின்றார். உடன்பட்டவர் தாம் முன்னே செல்ல எழுந்தார். தீங்கு உண்டென்று சொன்னவரே அத்தீங்கினுள் முதலடி வைக்கத் துணிகின்றார். பிள்ளையார் அதனைத் தடுத்து, சோழநாட்டிலேயே இருக்குமாறு வேண்டிக்கொண்டார். ஏன் தடுத்தார்? முதியவர்க்காகப் பிள்ளையாரும் அஞ்சினார் என்று கூற நாவெழும். ஆனால் அது ஊகமேயாம். சேக்கிழார் சொல்லாததை அவர் வாயிற் புகுத்துதல் முறையன்று.

பின்னர் மதுரையில் வென்று சோழநாடு மீண்ட பிள்ளையார் திருப்பூந்துருத்தியை நெருங்குகையில், முத்துச்சிவிகை தாங்குவாருள் ஒருவராய் நாவரசர் யாரும் அறியாமற் புகுந்து சுமந்தார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பிள்ளையார் பதைத்து இறங்கி வணங்க, அவரும் வணங்கினார். பாண்டிநாட்டில் நிகழ்ந்தன யாவும் அங்கே சொல்லக் கேட்டார். கேட்டபின், பிள்ளை செல்லவேண்டா என்று தாம் தடுத்த அந்நாட்டிற்கே நாவரசர் புறப்பட்டார். திருவாலவாயை வணங்கினார், தெற்கே திருவிராமேச்சுரம் தொழுதார், திருநெல்வேலியும் சென்று வணங்கினார் என்பது சேக்கிழார் கூற்று.